பாலங்களின் கதை – 9: கர்டர் நடுங்கும் கணக்கு

போடிநாயக்கனூருக்கு ரயில் பாதை வந்தது 1928இல். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கும் காப்பிக்கும் மதுரைக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். 2010 இறுதியில் மீட்டர் கேஜ் நின்றுபோக, அகலப் பாதையில் ரயில் வர 2023 ஜூன் 15 ஆயிற்று. அதுவும் போடி வரைதான். மேலே போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஏற வேண்டும்.

அந்தப் பாதையானாலும் எந்தப் பாதையானாலும், ரயில் ஏறும்போதெல்லாம் பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரமான கர்டர் வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான முறை இப்படி நடந்தால் ரிவெட் துளை ஓரத்திலோ வெல்டிங் விளிம்பிலோ மயிரிழை விரிசல் தொடங்கும். பெயின்ட்டுக்கு அடியில் அது கண்ணுக்குப் படாது.

ரயில் கடந்த பிறகும் சில நொடி கர்டர் நடுங்கும். நொடிக்கு எத்தனை முறை என்பது (அதிர்வெண்) அதன் விறைப்பையும் எடையையும் பொறுத்தது. விரிசல் விட்டால் எடை மாறாது, விறைப்பு குறையும், நடுக்கம் மெதுவாகும். கர்டர் முழுக்க விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் சுமார் 5 சதவீதம்தான் இறங்கும். விரிசலோ ஓரிடத்தில் இருப்பது. அதனால் இறக்கம் இன்னும் சிறியது.

எங்கே விரிசல் என்பதையும் ஊகிக்கலாம். கர்டர் ஒரே வில்லாக வளைந்து நடுங்கும்; இரண்டு வில்லாக, பாம்பு மாதிரியும் நடுங்கும். நடுவில் விரிசல் இருந்தால் முதல் வகை மாறும், இரண்டாவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் இரு பக்கமும் ஒரே மாதிரியான கர்டரில் இடது கால்பங்கில் விரிசலா, வலது கால்பங்கிலா என்று அதிர்வெண் சொல்லாது. அதற்குப் பல இடங்களில் சென்சார் ஒட்டி, எந்த இடம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதிர்வெண்ணை வைத்து விரிசல் தேடும் இந்த முறையை அளவுக்கு மீறி நம்புகிறவர்களிடம் நான் சொல்வது 1993 அமெரிக்கச் சோதனையைத்தான். ஆல்புகர்க்கில் இடிக்கவிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் கர்டரை வேண்டுமென்றே படிப்படியாக அறுத்தார்கள். கடைசி வெட்டு வரை அதிர்வெண் குறிப்பிடும்படி இறங்கவில்லை.

இன்னொரு சிக்கல், குளிர். ஸ்விட்சர்லாந்தின் இசட்-24 பாலத்தை 1997-98இல் ஏறத்தாழ ஓராண்டு கவனித்தார்கள். உறைகுளிரில் மேலிருந்த தார் இறுகி, அதிர்வெண் கூடியது. போடிமெட்டில் அந்தக் குளிர் கிடையாதுதான். ஆனாலும் மார்கழிப் பனியில் எடுத்த அளவையும் சித்திரை வெயிலில் எடுத்த அளவையும் ஒப்பிட்டு யாரும் விரிசல் தீர்ப்பு எழுதக்கூடாது. தெர்மாமீட்டரும் கூடவே இருக்க வேண்டும்.

இப்படிச் சென்சாரால் கவனித்த பாலம் நம்மிடத்திலும் உண்டு: பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் சென்னை ஐஐடி சென்சார்கள் பொருத்தியிருந்தது. 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியிலிருந்து எச்சரிக்கை வந்தது, போக்குவரத்தை நிறுத்தினார்கள். உப்புக்காற்றில் அரித்த இரும்பு அது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கும்வரை ராமேஸ்வரம் போகிறவர்கள் கடலுக்கு இந்தப் பக்கமே இறங்கி பஸ் பிடித்தார்கள்.

(தொடரும்)