பனிமலை ஏற உதவும் ‘ஸ்கின்’: ஈரம் பட்டால் பயணமே நின்றுவிடும்

பனிச்சறுக்கு என்றதும் மலையுச்சியிலிருந்து ஒருவர் கீழே பாய்ந்து வரும் காட்சிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த உச்சிக்கு அவர் எப்படிப் போனார் என்று நாம் கேட்பதில்லை. சுற்றுப்பயணிகள் கூடும் சறுக்கு மையங்களில் கேபிள் காரும் நாற்காலி லிஃப்டும் மேலே தூக்கிச் சென்றுவிடும். லிஃப்ட் இல்லாத மலைகளில்?

அங்கே சொந்தக் காலில்தான் ஏற வேண்டும். அதுவும் காலில் மாட்டிய சறுக்குப் பலகையைக் கழற்றாமலேயே. இதற்குப் பெயர் ‘ஸ்கீ டூரிங்’. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் ஒரு பருவம் படித்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. குளிர்காலத்தில் சனிக்கிழமை காலை அங்கே பேருந்து ஏறினால் பயணிகளில் பாதிப் பேரின் கையில் சறுக்குப் பலகை இருக்கும். பெரும்பாலும் மாணவர்கள். மலைக்குப் போகப் பேருந்துக் கட்டணம் மட்டும் போதும், லிஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

சறுக்குவதற்காகவே மெழுகு பூசி வழவழப்பாக்கிய பலகையை மாட்டிக்கொண்டு சரிவில் எப்படி ஏறுவது? விடை, ‘ஸ்கின்’ என்று அழைக்கப்படும் ஒரு நீளமான பட்டை. தமிழில் இதற்குப் பழகிய சொல் இல்லாததால் ‘ஸ்கின்’ என்றே எழுதுகிறேன்.

ஒரு பக்கம் முடி, மறுபக்கம் பசை

ஸ்கின் பலகையின் அதே நீளத்தில், அதே அகலத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் குட்டையான, அடர்த்தியான முடி. மறுபக்கம் பசை. முன்முனையில் பலகையின் மூக்கில் மாட்ட ஒரு வளையம், பின்முனையில் ஒரு கொக்கி. பசைப் பக்கத்தைப் பலகையின் அடியில் ஒட்டினால் முடிப் பக்கம் பனியைத் தொடும்.

அந்த முடி முழுவதும் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பாருங்கள், கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் தடவினால் முடி சிலிர்த்துக் கையைத் தடுக்கும். ஸ்கின்னும் அப்படித்தான். காலை முன்னே தள்ளினால் பலகை நழுவிச் செல்லும். பின்னால் வழுக்கப் பார்த்தால் ஆயிரக்கணக்கான முடிகள் பனியில் குத்திப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது குதிகால் மட்டும் மேலே எழும்படி காலணியைப் பலகையுடன் பிணைத்திருப்பார்கள். எனவே உண்மையில் இது ஏறுவது அல்ல, சரிவில் மேல்நோக்கி நடப்பது. உச்சிக்குப் போனதும் ஸ்கின்னை உரித்து எடுத்துவிட்டு, குதிகாலைப் பூட்டி, கீழே சறுக்கி வரலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. மத்திய ஆசியாவின் அல்தாய் மலைப்பகுதி மக்கள் மரப்பலகையின் அடியில் குதிரைத் தோலைப் பொருத்தித் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் கடல்நாய்த் தோலைப் பயன்படுத்தினார்கள். இன்று எந்தக் கடையிலும் கடல்நாய்த் தோல் கிடையாது, ஆனால் மொழி அதை விடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதைக் கடல்நாய்த் தோல் என்ற பொருளில் ‘போ த ஃபோக்’ என்றுதான் சொல்கிறார்கள். கடல்நாயைக் குறிக்கும் ‘சீல்’ என்ற சொல்லிலிருந்து வந்த ‘ஷீரு’தான் ஜப்பானியர் வழங்கும் பெயர். மொழி படிக்கும் மாணவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போதைய ஸ்கின்கள் மொஹேர், நைலான், அல்லது இரண்டும் கலந்தவை. மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. துருக்கியின் அங்காரா நகரத்தின் பழைய பெயர்தான் அங்கோரா. மொஹேர் நன்றாக வழுக்கும், எடை குறைவு, ஆனால் சீக்கிரம் தேயும். நைலான் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒவ்வோர் அடியையும் கொஞ்சம் இழுத்துத் தள்ள வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கலவைதான் நல்லது என்பது என் கருத்து.

தண்ணீர் என்ற எதிரி

முடிப் பக்கம் முரட்டுத்தனமானது, எளிதில் கெடாது. தொல்லை எல்லாம் பசைப் பக்கத்தில்தான். பலமுறை ஒட்டவும் உரிக்கவும் ஏற்ற பசை அது. ஆனால் குளிர்ந்தால் அதன் ஒட்டும் தன்மை குறையும். ஈரமானால் பசைக்கும் பலகைக்கும் நடுவில் நீர்ப்படலம் உருவாகும், அது உறைந்தால் மெல்லிய பனிக்கட்டிப் படலமாகிவிடும். அதன்மேல் எந்தப் பசையும் ஒட்டாது.

ஸ்கின் கழன்றால் என்ன, பலகையைக் கழற்றிவிட்டு நடந்து போகலாமே என்று தோன்றலாம். பலகை இல்லாமல் புதுப்பனியில் கால் வைத்தால் முழங்கால்வரை, சில இடங்களில் இடுப்புவரை புதைந்துபோகும். நூறு மீட்டர் ஏறவே மூச்சு வாங்கிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். இளவேனிற்காலத்தில் பொழுது ஏற ஏற வெயில் பட்ட சரிவுகள் நனைந்து தளர்ந்து, பனிச்சரிவு அபாயம் கூடும். அதனால்தான் எல்லாரும் விடியற்காலையில் கிளம்புகிறார்கள். பழுதான ஒரு ஸ்கின் ஒருவரை மட்டும் தாமதப்படுத்தாது, குழுவில் உள்ள அனைவரையும் தவறான நேரத்தில் தவறான சரிவில் நிறுத்திவிடும்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் இதை நேரில் பார்த்தேன். இன்ஸ்ப்ருக்குக்கு அருகே செல்ரைன் பள்ளத்தாக்கில் பிராக்ஸ்மார் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து லாம்ப்சன்ஸ்பிட்ஸெ சிகரத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். ஐந்து பேர் போனோம். உச்சியைத் தொட்டுவிட்டுப் பாதித் தூரம் சறுக்கி இறங்கியதும், பனி நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை ஏறலாம் என்று முடிவானது. எங்களில் நால்வர் ஸ்கின்னைச் சட்டைக்குள் வைத்திருந்தோம். ஆஸ்திரிய வகுப்புத் தோழி ஒருவர் மட்டும் முதுகுப்பையின் வெளிப்பக்க அறையில் செருகியிருந்தார். எடுத்தபோது அது அட்டைபோல் விறைத்திருந்தது, மடிப்பின் ஓரங்களில் பொடிப்பனி. ஒட்டியபோது ஒட்டியது. மூன்றாவது திருப்பத்தில் பின்முனை விட்டது. அந்த இடைவெளி வழியே பனி உள்ளே புகுந்தது. பத்து அடி நடப்பதற்குள் பாதி ஸ்கின் பின்னால் தொங்கியது.

குழுவை வழிநடத்தியவர் பதறவில்லை. பலகையின் உலோக ஓரத்தில் பசைப் பக்கத்தை இலேசாக இழுத்து, ஒட்டியிருந்த பனியைச் சுரண்டினார். ஸ்கின்னை மடித்துத் தோழியின் சட்டைக்குள் வைக்கச் சொன்னார். பலகையின் அடிப்பாகத்தை உலர்ந்த கையுறையால் துடைத்தார். கால்மணி நேரம் கழித்து மீண்டும் ஒட்டி, இரண்டு இடங்களில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினார். ஸ்கின் நின்றது. ஆனாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு இது போதும், இறங்குவோம்” என்றார். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ரப்பர் பட்டைகளை அதற்குப் பிறகு எல்லாருடைய பையிலும் பார்த்தேன்.

உச்சியில் ஐந்து நிமிடம்

எனவே ஸ்கின் பராமரிப்பில் முக்கியமான நேரம், உச்சியில் அதை உரிக்கும் நேரம்தான். உச்சியில் காற்று அடிக்கும், கை விறைத்திருக்கும், எல்லாருக்கும் படம் எடுக்கும் அவசரம். அங்கே ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமான ஒட்டும் பட்டையைக் காற்றில் முழுவதாக உரித்தால் அது பட்டம்போல் பறந்து, முகத்திலோ பனியிலோ போய் ஒட்டிக்கொள்ளும்.

அனுபவசாலிகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பின்முனையிலிருந்து பாதியை மட்டும் உரித்து, அந்தப் பாதியைப் பசையோடு பசை சேருமாறு தன்மேலேயே மடித்து ஒட்டுகிறார்கள். பிறகு மறுபாதி. பசை ஒருபோதும் திறந்து கிடப்பதில்லை. மடித்த கையோடு அது சட்டைக்குள், வயிற்றுப் பக்கம் போய்விடும். உடல் சூட்டில் பசை இளக்கமாகவே இருக்கும். இறங்குவதோடு அன்றைய பயணம் முடிகிறது என்றாலும் அங்கேதான் வைக்க வேண்டும். இறங்கும் வழி தவறிவிட்டால் திரும்ப ஏற அதுதானே துணை?

மறுபடி ஒட்டும்போது பலகையைத் துடைப்பதுதான் பாதி வேலை. மூக்கில் வளையத்தை மாட்டி, நடுக்கோட்டில் நேராக இழுத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பலகையின் இருபுறமும் உலோக ஓரம் ஓரிரு மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். அதை மூடிவிட்டால் இறுகிய பனியில் பலகை கடிக்காது, பக்கவாட்டில் வழுக்கும்.

இதே வேலையைப் போட்டியாளர்கள் செய்வதைக் காணொளியில் பார்த்தால் வாயடைத்துப் போவீர்கள். ‘ஸ்கீ மவுன்டனியரிங்’ 2026 மிலான் கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. வீரர்கள் பலகையைக் கழற்றுவதே இல்லை. குனிந்து, முன்முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்து, ஆடைக்குள் திணித்துக்கொண்டு பாய்கிறார்கள். சில விநாடிகள்தான். பதக்கமே அந்த விநாடிகளில் கைமாறலாம்.

காலில் முளைக்கும் பனிக்கட்டி

முடிப் பக்கத்திலும் ஒரு தொல்லை உண்டு. வெயிலில் நனைந்த பனியில் நடக்கும்போது முடி தண்ணீரை உறிஞ்சும். அப்படியே நிழலுக்குள் நுழைந்தால் அங்கே குளிர்ந்த, உலர்ந்த பொடிப்பனி இருக்கும். ஈரமுடி அதைத் தொட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னும் பனி. சிறிது நேரத்தில் பலகைக்கு அடியில் பனிக்கட்டிக் குதிகால் முளைத்து, காலைத் தூக்கவே முடியாது. வழுக்கவும் செய்யாது.

இதற்கு ஒரு கட்டி மெழுகு போதும். கிளம்புமுன் முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே நன்றாகத் தேய்த்துவிட்டால் முடி நீரை அவ்வளவாக ஏற்காது. எதிர்த்திசையில் தேய்க்கக் கூடாது. மெழுகு வாங்கும்போது ஃபுளோரின் இல்லாததா என்று பாருங்கள். தண்ணீரை விரட்டுவதில் ஃபுளோரின் சேர்மங்கள் கெட்டிக்காரத்தனமானவைதான். ஆனால் அவை எளிதில் சிதையாத ‘பிஎஃப்ஏஎஸ்’ வகை இரசாயனங்கள். மெழுகு உதிரும் பனிதான் உருகி ஆற்றுக்குப் போகிறது. அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் ஃபுளோரின் மெழுகைத் தடை செய்துவிட்டது.

நடக்கும் முறையும் பராமரிப்பில் சேரும். பலகையைத் தூக்கி வைக்காமல் பனியோடு தேய்த்துத் தள்ளி நடந்தால் உடல் களைப்பும் குறையும், உள்ளே பனி புகுவதும் குறையும். செங்குத்தான இடத்தில் பயத்தில் முன்னே சாயத் தோன்றும். சாய்ந்தால் எடை முழுப் பலகையிலும் பரவாமல் ஸ்கின் பிடி விட்டுவிடும். நிமிர்ந்து, குதிகாலில் எடையை வைத்தால் பிடிக்கும். பனி உருகிப் பாறையும் வேரும் தெரியும் இடத்தில் ஐந்து நிமிடச் சோம்பலுக்காக அப்படியே நடந்து போகிறவர்கள் ஒரு ஜோடி ஸ்கின்னின் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வீடு திரும்பிய பிறகு

ஈர ஸ்கின்னை அப்படியே பையில் விட்டால் கெட்டுப்போகும். அறை வெப்பத்தில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். ஐரோப்பிய வீடுகளில் சன்னலுக்குக் கீழே சூடேற்றி இருக்கும், ஈரக் காலுறையெல்லாம் அதன்மேல்தான் காயும். ஸ்கின்னை மட்டும் அதன்மேல் போடக் கூடாது. சூட்டில் பசை இளகி முடிக்குள் இறங்கிவிடும், அல்லது அடுத்த முறை உரிக்கும்போது பலகையிலேயே தங்கிவிடும். நேரடி வெயிலும் ஆகாது. கம்பளத்தின் நூலும் செல்லப்பிராணியின் முடியும் பசையில் ஒட்டினால் எளிதில் வராது. உலர்ந்ததும் பசைப் பக்கத்தில் வலைத்துணியை வைத்து மடித்து, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைப்பார்கள். நம் ஊர் வெயிலில் கார் பின்பெட்டியில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பசை தீர்ந்தால் ஸ்கின்னையே தூக்கி எறிய வேண்டியதில்லை. தாளை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிப் பழைய பசையை எடுத்துவிட்டுப் புதுப்பசை பூசலாம். புதிய ஜோடியின் விலை நூறு யூரோவைத் தாண்டும் என்பதால் மாணவர் விடுதிகளில் இந்த வேலை அடிக்கடி நடக்கும். அந்த வாசனை மட்டும் இரண்டு நாள் போகாது.

இங்கிருந்து ஹொக்காய்டோவுக்குப் போய்ப் பனிச்சறுக்குப் பழகுகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அடுத்த கட்டமாக வழிகாட்டியோடு ஸ்கீ டூரிங் போக நினைத்தால், வாடகைக் கடையில் ‘ஷீரு’ என்று கேளுங்கள். கையில் வாங்கியதும் பசைப் பக்கத்தை ஒரு சாண் அளவுக்கு மடித்து ஒட்டி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பலம் போட்டால்தான் பிரிய வேண்டும். தொட்ட விரலில் பசை நூல் நூலாக வந்தாலோ, பசை மேற்பரப்பில் தூசும் முடியும் தெரிந்தாலோ வேறு ஜோடி கேளுங்கள். உங்கள் பலகையின் அகலத்துக்கு அது வெட்டப்பட்டிருக்கிறதா, முன்வளையமும் பின்கொக்கியும் இறுகப் பிடிக்கின்றனவா என்பதையும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டு ரப்பர் பட்டைகளையும் கூடவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.