சைக்கிள்தானே என்று விட்டால் இழப்பது எவ்வளவு: சங்கரன்கோவில் வட்டாரப் பாதைகளில் உரிமை, ஆபத்து, இழப்பீடு

சங்கரன்கோவில் வட்டாரம் கியர் சைக்கிளுக்கு ஏற்ற நிலம். கிழக்கே கரிசல் மேடுபள்ளம், தெற்கே செம்மண்ணும் பாறைத் திட்டுகளும், மேற்கே புளியங்குடியின் எலுமிச்சைத் தோப்புகளைத் தாண்டி மலையடிவாரம். இடையிடையே வண்டிப்பாதை, குளத்துக்கரை, ஓடை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கும் கழுகுமலை, குடைவரைக் கோயில் உள்ள வீரசிகாமணி, பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு காலைப் பொழுதில் மிதித்தே எட்டிவிடலாம். டீக்கடையில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். அதனாலேயே முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது.

சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது, ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, காப்பீடும் கட்டாயமில்லை. இதைச் சௌகரியமாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் மறுபக்கத்தைக் கவனிப்பதில்லை. விபத்து நடந்தால் சைக்கிள்காரருக்குத் துணை நிற்கச் சொந்தப் பாலிசி எதுவும் இருக்காது. அன்றைக்கு மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் எழுதப்படும் இரண்டு தாள்கள்தான் அவருக்கு எல்லாம். அந்த இரண்டையும் அலட்சியமாக விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வக்கீலைத் தேடி ஓடுவதே மீண்டும் மீண்டும் நடக்கிறது.

முதலில் பாதை. கண்ணுக்குத் தடம் தெரிந்தால் அது பொதுப்பாதை என்று பொருளல்ல. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் ‘அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை’ என்று வகைப்படுத்தியிருந்தால் அதில் செல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பட்டா நிலத்துக்குள் ஓடும் தடமாக இருந்தால், அது எத்தனை டிராக்டர் போன தடமானாலும், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டே போக வேண்டும். ‘அ’ பதிவேட்டு விவரத்தையும் புல வரைபடத்தையும் அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். பொதுப்பாதையை யாராவது வேலி போட்டு மறித்திருந்தால் அங்கே நின்று வாய்த்தகராறு செய்வதில் பயனில்லை. வேலியைப் பிரிப்பது அதைவிடத் தவறு. சர்வே எண்ணையும் வரைபட நகலையும் இணைத்து வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அவருக்கு அகற்றும் அதிகாரம் தருகிறது. நேரில் முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி மையத்தில் பதிந்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளலாம்.

குளத்துக்கரையில் மழைக்காலத்தில் ஓட்டக் கூடாது. ஈரக் கரையில் டயர் கிழிக்கும் பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகிக் கரையை அரிக்கும். அந்தக் குளத்தை நம்பித்தான் கீழே வயல்கள் இருக்கின்றன. கரிசல் காடும் அப்படித்தான். ஒரு மழை பெய்தால் களிமண் டயரில் அப்பி, பிரேக் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அதோடு மல்லுக்கட்டி இறங்குபவர்கள் விதைத்த நிலத்துக்குள்தான் இறங்குகிறார்கள்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாறை வழுக்கலில் சைக்கிளை இறக்கிப் படம் பிடிப்பது, சிற்பத்தின்மீது சாய்த்து வைப்பது, பெயர் கிறுக்குவது எல்லாம் தண்டனைக்குரிய செயல்கள். சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு நடந்து ஏறுவதே முறை.

மேற்கே மலையடிவாரம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே காப்புக்காடுகளும் நெல்லை வனவிலங்குச் சரணாலயமும் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். வேட்டையாடினால்தான் குற்றம் என்பதில்லை. 28-ஆம் பிரிவின்படி, சுற்றுலாவுக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்கு மாவட்ட வன அலுவலர் அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல், அடையாளச் சான்று நகல், செல்லும் வழி, நாள், திரும்பும் நேரம் ஆகியவற்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வழியில் பார்க்கும் வனக்காவலர் ‘போயிட்டு சீக்கிரம் வந்துருங்க’ என்று சொல்வது அனுமதி ஆகாது. அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். அத்தனை உயிர் போன பிறகும் ‘உள்ளூர்க்காரன் கூட வர்றான், ஒன்னும் ஆகாது’ என்று கிளம்புவது பொறுப்பற்ற செயல்.

அடிவாரத் தோப்புகளில் இன்னொரு ஆபத்து மின்வேலி. காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் முழங்கால் உயரத்துக்கும் கீழே மெல்லிய கம்பியை இழுத்து, மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டுவிடுகிறார்கள். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மனிதரையும் யானையையும் பன்றியையும் அது வேறு பிரித்துப் பார்ப்பதில்லை. இப்படி மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி திருட்டு. சூரிய மின்வேலி அமைக்கவும் 2023-இல் வந்த தமிழ்நாடு விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும். வெயில் இறங்கிய பிறகும் விடியுமுன்னும் தோப்புக்குள் சைக்கிளில் போகவே கூடாது. சந்தேகமான கம்பியைப் பார்த்தால் தொட்டுப் பார்க்காமல், இடத்தைக் குறித்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளும் தோப்போரங்களில் உண்டு. புல் மண்டிக் கிடப்பதால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. இருட்டில் ஓட்டக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

நாய்க்கடி சின்ன விஷயமல்ல. சீமைக்கருவேல முள் குத்தியது போல எச்சில் தொட்டு வைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு மருந்தே இல்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டு, 3, 7, 28-ஆம் நாட்களில் மீதியையும் முடிக்க வேண்டும். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவும் விடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இனி வண்டி மோதிய விபத்து. தார்ச்சாலையைத் தொடாமல் எந்தச் சைக்கிள் பயணமும் முடியாது; உயிர் போவதும் பெரும்பாலும் அங்கேதான். கல் ஏற்றிய லாரியோ காரோ பின்னாலிருந்து தட்டிவிட்டு நிற்காமல் போய்விடும். தூக்கிவிட வருபவர்கள் பயப்படத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையானாலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. ஆனாலும் முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு விசாரிப்பவர்களே அதிகம்.

மருத்துவமனையில் எழுதப்படுவதுதான் முதல் தாள். ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து, ‘சைக்கிள்ல இருந்து தவறி விழுந்துட்டேன்’ என்று சொல்பவர்கள் அந்த ஒரு வாக்கியத்தாலேயே இழப்பீட்டை இழக்கிறார்கள். பின்னாளில் எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்தப் பதிவைத்தான் எடுத்து நீட்டுவார். வண்டி மோதியது என்றால் வண்டி மோதியது என்றே சொல்ல வேண்டும். எண் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். இடம், நேரம் இரண்டும் இருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது தாள் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.). காவல் நிலையத்தில் பெரும்பாலும் முதலில் கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போனவர்களால்தான் இதை இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சி.எஸ்.ஆர். ரசீதை வைத்து இழப்பீடு வாங்க முடியாது. கழுகுமலை தூத்துக்குடி மாவட்டம், தேவதானம் விருதுநகர் மாவட்டம் என்பதால் ‘எங்க எல்லை இல்ல’ என்ற பதிலும் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், நகலும் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவர் மன்றத்தை அணுகலாம். எலும்பு முறிவு பிறகு எக்ஸ்-ரேயில் தெரியவந்தால், ‘காயம்’ என்ற பிரிவைக் ‘கொடுங்காயம்’ என்று மாற்றச் சொல்லி மருத்துவச் சான்றோடு மனு கொடுக்க வேண்டும். இந்த மாற்றத்தைப் பலரும் கேட்பதே இல்லை.

வண்டி அடையாளம் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மோதிவிட்டுத் தப்பும் விபத்துகளுக்கான திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தாலும் அது கொடுங்காயம்தான். விண்ணப்பம் படிவம் 1. முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றும், அடிபட்டவர், விண்ணப்பதாரர் இருவரின் அடையாளச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக நகல், மருத்துவமனை ரசீது, பின்னால் வேறு இழப்பீடு கிடைத்தால் இந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். கொடுக்க வேண்டியது விபத்து நடந்த வட்டத்தின் கோரிக்கை விசாரணை அலுவலரிடம். அதாவது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம். அடிபட்டவர் குடியிருக்கும் வட்டத்தில் அல்ல. சங்கரன்கோவில்காரர் நெற்கட்டும்செவலில் அடிபட்டால் சிவகிரி வட்டம். இங்கே தவறாகக் கொடுத்து மாதக்கணக்கில் கோப்பு அலைவதுண்டு.

விசாரணை அலுவலர் ஒரு மாதத்துக்குள் அறிக்கையை மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள தீர்வு ஆணையருக்கு அனுப்ப வேண்டும். வண்டி ஒரு மாதத்துக்குள் அடையாளம் தெரியாவிட்டால், இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்தக் கடிதத்தைக் கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அலுவலர்களில் சிலர் ‘அப்படி ஒரு திட்டமா?’ என்று கேட்கும் நிலை இன்னும் மாறவில்லை; விண்ணப்பத்தின் தலைப்பிலேயே திட்டத்தின் பெயரையும் மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவையும் எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வரக் கூடாது.

வண்டி எண் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவின்படி மனு. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம் இரண்டில் எங்கும் தாக்கல் செய்யலாம். சட்டத்தில் உள்ள கெடு ஆறு மாதம். கெடுவைப் பற்றி நீதிமன்றங்களில் வழக்காடிக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பத்திரம். பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டியது தெரிந்தால் தீர்ப்பாயம் தொகையில் ஒரு பகுதியைக் கழித்துவிடும்.

எந்த வண்டியும் மோதாமல் பள்ளத்தில் விழுந்தால் மேற்சொன்ன இழப்பீடு எதுவும் பொருந்தாது. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயதுவரை சேரலாம். இறப்புக்கு 2 லட்சம். ஆனால் எலும்பு முறிவுச் செலவை அது தராது. அதற்குத் தனி விபத்துக் காப்பீடு வேண்டும். வாங்குமுன் சாகச விளையாட்டு விலக்குப் பகுதியைப் படித்து, கரடுமுரடான பாதையில் சைக்கிள் ஓட்டுவது அதில் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

கோப்பு நகராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் ‘எந்தத் தேதியில், யார் மேசையில்’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.