மூச்சின் வழியே ஆறும் மனக்காயம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய துயரத்தை அறிந்தோருக்கு, பசறை மலைச்சரிவில் வாழும் ஒரு தாய் அடைமழையின் இரைச்சலைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு படபடத்து நித்திரையின்றித் தவிப்பது விசித்திரமாகத் தோன்றாது. அபாயம் நீங்கிய பின்னரும் சரீரம் காவல் நிற்பதை விடுவதில்லை.

அக்காவலைத் தளர்த்த மூச்சு ஒரு வழி. இருதயத் துடிப்பை நாம் இச்சைப்படி நேரடியாக நிறுத்தவோ குறைக்கவோ இயலாதெனினும், சுவாசம் தானாகவும் நடப்பது, நம் விருப்பத்துக்கும் இணங்குவது. ஆகவே மூச்சை மெதுவாகவும் நீளமாகவும் வெளிவிடும்போது, மூளையினின்று நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகசு நரம்பின் வழியே இருதயம் நிதானமடைகிறது.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்து முகாம்களில் தங்கியிருந்த 183 பேரிடம் நடத்தப்பெற்று, 2010இல் வெளியான ஆய்வொன்றில், எட்டு மணிநேரச் சுவாசப் பயிற்சி பெற்றோரின் மனக்காயக் குறிகள், பயிற்சிக்காகக் காத்திருந்தோருடையதைவிட ஆறு வாரங்களில் வெகுவாகக் குறைந்திருந்தன.

பாதங்களைத் தரையில் ஊன்றி அமர்ந்து, நாசியால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுதல் ஆரம்பத்துக்குப் போதும். மூச்சை அடக்க வேண்டியதில்லை. மண்ணில் புதையுண்டு மீண்டவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே திகிலூட்டக்கூடும். அவர்கள் கண்களைத் திறந்துகொண்டு, அருகிலிருப்பவரின் கையைப் பற்றுவது நலம். துர்ச்சொப்பனங்கள் ஒரு மாதத்துக்கு மேலும் தொடருமாயின், மனநல வைத்தியரை நாடுவது அவசியம். ஆயினும், சரியக்கூடிய மண்ணின் கீழேயே ஒரு குடும்பத்தை வாழவிட்டு அமைதியாய்ச் சுவாசிக்கும்படி உபதேசித்தல் தகாது. பத்திரமான நிலமும் வீடும் மனக்காயத்துக்கான சிகிச்சையின் பாகமேயாம்.