பச்சைமலையிலிருந்து பழங்கடலுக்கு

ஜப்பான் நாட்டில் நிக்கோ என்னும் ஊரை அடுத்து, 'இரோஹா' எனப் பெயர் பெற்ற மலைச்சாலை ஒன்று உண்டு. அதில் வளைவுகள் 48. அந்நாட்டுப் பழைய நெடுங்கணக்கிலும் எழுத்துக்கள் 48. ஆகவே, வளைவுக்கு ஓர் எழுத்தாகப் பெயர் சூட்டிவிட்டார்கள். மலையேறுவோர் நெடுங்கணக்கைப் படித்துக்கொண்டே ஏறலாம்! வழிப்பயணமே பாடமாகும் அத்தகைய வாய்ப்பு நமக்கும் உண்டு. பச்சைமலையில் தொடங்கிப் பெரம்பலூர் நாட்டைக் கடந்து அரியலூரை அடைந்தால் போதும். இங்கே நாம் படிக்க வேண்டிய எழுத்து கல்லில் இருக்கிறது.

முதலில் மலைக்குச் செல்வோம். துறையூர்ப் பக்கத்துச் சோபனபுரத்திலிருந்து, சாலை வளைந்து வளைந்து செங்காட்டுப்பட்டிக்கு ஏறுகிறது. மேலே வாழ்வோரை மலையாளிகள் என்பர். பெயர் கண்டு கேரளத்தவர் என்று எண்ண வேண்டா. அவர்கள் பேசுவது தமிழே. மரவள்ளியும் பலாவும் முந்திரியும் அங்கே விளைகின்றன. அம்மலையின் பாறையோ மிகத் தொன்மையானது. அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதில் எவ்வளவு தேடினும் ஒரு கிளிஞ்சல் கூடக் கிடைக்காது.

இறங்கிக் கிழக்கே வருவோம். திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூரைத் தாண்டியதும் ஊட்டத்தூரும் காரையும் வருகின்றன. காரையில் செந்நிறக் களிமண் நிலம், மழைநீர் அரித்த ஓடைகளால் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. அதனூடே ஜிப்சம் வெள்ளைக் கீற்றுக்களாக மின்னுகிறது. கணவாய் மீனுக்கு உறவான பழைய உயிரினங்களின் எச்சங்கள், துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவில் அங்கே காணப்படுகின்றன. கடற்கரைக்கு இவ்வளவு தொலைவில் கடலுயிர்கள் வந்தது எவ்வாறு?

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டல், அக்கடலின் அடியில் படிவு படிவாகத் தங்கியது. பின்னர்க் கடல் விலகியது. அப்படிவுகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பதால், மேற்கே பழைய படிவும் கிழக்கே புதிய படிவும் தரையில் தலைகாட்டுகின்றன. எனவே, கிழக்கே செல்லச் செல்ல நாம் காலத்தில் முன்னேறுகிறோம். இப்படிவுகளை வரிசைப்படுத்தி 1862-இல் விளக்கியவர் பிளான்போர்டு என்னும் நிலவியல் அறிஞர்.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று ஓடைக்கரையில் கிடக்கிறது. 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதனை உலகறியச் செய்தார். வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, கடல் வண்டலில் புதைந்த மரம் இது. மண்ணில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் புகுந்து இறுகியது. வடிவம் மரமாகவே நிற்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. இன்று அது வேலியிட்டுக் காக்கப்படுகிறது.

அரியலூரை அடைந்தால் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சியில் சிப்பிகளே அடுக்கடுக்காகப் பாறையாகியிருக்கின்றன. சிமெண்டு ஆலைகளுக்கு உணவாவது இக்கல்லே. நாம் குடியிருக்கும் வீட்டுச் சுவரில் அப்பழங்கடலின் சிப்பி கலந்திருக்கவும் கூடும்!

கல்லமேட்டுக் கதையோ வருந்தத்தக்கது. அங்கே கிடைத்த மாபெரும் விலங்கின் எலும்புகளை 1987-இல் இரு அறிஞர்கள் விவரித்து, 'புருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஐயந்தீர ஆராய இன்று அவ்வெலும்புகள் இல்லை; அவை பொடிந்து போய்விட்டன. எஞ்சியவை வரைபடங்களும் நிழற்படங்களுமே.

கல்மரம் காக்கப்பட்டது, எலும்பு அழிந்தது. இரண்டும் ஒரே நாட்டில் நிகழ்ந்தவை. படிவம் கிடந்த இடமும் அதனைச் சூழ்ந்த மண்ணும் சேர்ந்தே அதன் வரலாற்றைச் சொல்லும். எடுத்துச் சென்று அலமாரியில் வைத்தால் அது வெறுங்கல். ஆகவே, அங்குச் செல்லும் மாணவர்கள் படம் எடுங்கள்; இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அரியதாகத் தோன்றினால் ஆசிரியருக்கும் வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தாருக்கும் தெரிவியுங்கள். கல்லை மட்டும் அது கிடக்கும் இடத்திலேயே விட்டு வாருங்கள்.