திரைக்கு வெளியே ஒரு பெட்டி!
பழைய கம்ப்யூட்டருக்குப் புதுப் பலம்

கம்ப்யூட்டர் என்றால் ஒரு திரை, பக்கத்தில் ஒரு பெட்டி. பெரும்பாலோர் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் கம்ப்யூட்டரும் உண்டு. கருவிகள் எல்லாம் திரையின் முதுகிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி செய்யும் "ஐமேக்" அந்த ரகம். முதல் ஐமேக் 1998-ம் ஆண்டு வந்தது.

பார்க்க அழகு. மேஜையில் இடத்தை அடைக்காது. ஆனால் ஒரு தொல்லை!

கம்ப்யூட்டருக்குள் "கிராபிக்ஸ் கார்டு" என்று ஒன்று இருக்கிறது. திரையில் தெரியும் படங்களைக் கணக்குப் போட்டு வரைவது அதுதான். சினிமாப் படத்தை வெட்டி ஒட்ட வேண்டுமா? வேகமான விளையாட்டு ஆட வேண்டுமா? இந்தக் கார்டு வலுவாக இருக்க வேண்டும்.

தனிப் பெட்டி உள்ள கம்ப்யூட்டரில் மூடியைத் திறந்து புதுக் கார்டு மாட்டலாம். ஐமேக்கில் முடியாது. கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இடமும் இல்லை. கார்டு பழசாகிவிட்டது என்பதற்காக, நல்ல திரையையும் சேர்த்துத் தூக்கிப் போடுவதா?

வெளியே வைத்தார்கள்

உள்ளே போகாத கார்டை வெளியே வைத்தார்கள். அதற்காக வந்ததுதான் இந்தப் பெட்டி. கார்டுக்கு ஓர் இடம், சூட்டைத் தணிக்க மின்விசிறி, தனி மின்சார இணைப்பு. இவ்வளவுதான் உள்ளே. 2018-ல் வந்த "ரேசர் கோர் எக்ஸ்" பெட்டியில் 650 வாட் மின்சாரக் கருவி இருந்தது. கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். அதன் பெயர் "தண்டர்போல்ட் 3".

2017-ல் வந்த ஐமேக்கில் இந்தக் கேபிளைச் சொருகும் இடம் இருந்தது. 2018 மார்ச் மாதம் ஆப்பிள் கம்பெனியும் பெட்டிக்கு முறைப்படி இடம் கொடுத்தது. ஏ.எம்.டி. கம்பெனியின் குறிப்பிட்ட சில கார்டுகளுக்குத்தான் அந்தச் சலுகை.

குறுகிய சந்து

புதுக் கார்டின் முழு வேகமும் கிடைக்குமா? கிடைக்காது. கம்ப்யூட்டருக்குள் மாட்டினால், கார்டுக்குச் செய்தி போக 16 பாதைகள் உண்டு. கேபிள் வழியாக 4 பாதைகள்தான். அகலச் சாலையில் வந்த வண்டிகள் சந்துக்குள் நுழைவது போல!

பெட்டியில் உருவான படம் ஐமேக்கின் திரையில் தெரிய வேண்டுமானால், அதே சந்து வழியாகத் திரும்பி வர வேண்டும். இதனால் விளையாட்டில் வேகம் இன்னும் குறையும். வேறொரு திரையைப் பெட்டியிலேயே இணைத்தால் இந்தத் தாமதம் இல்லை. திரையோடு சேர்ந்த கம்ப்யூட்டருக்கு இன்னொரு திரையா? வேடிக்கைதான்! படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இவ்வளவு நஷ்டம் இல்லை. கணக்கு முடிந்த பிறகு விடை வந்தால் போதும் அல்லவா?

வாங்குமுன்...

பெட்டியோடு பெரும்பாலும் கார்டு வராது. அதற்குத் தனி விலை.

சொருகும் இடத்தையும் பார்க்க வேண்டும். "யு.எஸ்.பி.-சி" துளையும் தண்டர்போல்ட் 3 துளையும் ஒரே வடிவம். ஐமேக்கில் தண்டர்போல்ட் துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கும்.

அதுவும் போதாது. 2020 நவம்பர் முதல் ஆப்பிள் கம்பெனி, இன்டெல் சிப்புக்குப் பதிலாகத் தன் சொந்தச் சிப்பை வைக்கத் தொடங்கியது. 2021-ல் ஐமேக்கும் அப்படியே மாறியது. அதில் மின்னல் குறி உண்டு, கேபிளும் பொருந்தும். ஆனால் பெட்டியிலிருந்து படம் வராது! திரையின் மூலையில் உள்ள ஆப்பிள் படத்தைத் தொட்டு, "இந்த மேக் பற்றி" என்ற பகுதியைத் திறந்தால் சிப்பின் பெயர் தெரியும். அங்கே இன்டெல் என்று இருந்தால் மட்டுமே கடைக்குப் போகலாம்.