ஸ்ட்ராபெரிக்கு எருவிடும் முறை

மராட்டிய மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது மகாபலேசுவரம். அங்கு விளையும் ஸ்ட்ராபெரிப் பழம் 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மும்பை, புனே, தில்லி முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பலர் இச்செடியைத் தொட்டியில் வைத்து வளர்க்க விரும்புகின்றனர். இலை செழித்தும் பழம் காணவில்லையே என்பது அவர்களுள் பலருடைய குறை. இதற்குப் பெரும்பாலும் காரணம் எருக்குறைவன்று, எரு மிகுதியே.

வாழைக்கு அள்ளி இட்டுப் பழகிய கை, ஸ்ட்ராபெரிக்குக் கிள்ளி இடக் கற்றல் வேண்டும். இதன் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்திற்குள்ளேயே பரவுகின்றன. உப்பைச் சிறிதும் தாங்காத பயிர்களுள் இது ஒன்று. யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் இலையும் ஓடுதண்டுகளும் பெருகும், பூக்கள் குறையும், காய்க்கும் பழமும் மென்மையுற்றுப் பூஞ்சணத்திற்கு இரையாகும்.

மகாபலேசுவரத்து உழவர் மழைக்காலம் ஓய்ந்தபின், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேட்டுப்பாத்திகளில் நாற்றை நடுகின்றனர். மக்கிய தொழுவுரத்தை நடவுக்கு முன்பே மண்ணுடன் கலந்துவிடுகின்றனர். பின்னர்ச் சொட்டுநீரோடு உரத்தைக் கரைத்து, சிறிது சிறிதாகப் பல முறை அளிக்கின்றனர். பூக்கத் தொடங்கியதும் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தைக் கூட்டுவது முறை.

தொட்டியில் வளர்ப்போரும் இந்நெறியையே பின்பற்றலாம். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. இலைகள் கிளைக்கும் குருத்துப் பகுதி மண்ணில் புதையலாகாது, புதைந்தால் அழுகிவிடும். அதன்பின் மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. பழம் வேண்டுமாயின், ஓடுதண்டுகளைத் தோன்றியவுடன் கிள்ளிவிடுக.

இங்கு ஓர் எச்சரிக்கை. இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பசுமையாக இருந்தால் பலர் தழைச்சத்துக் குறைவென்று கருதி யூரியா இடுவர். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. மண் காரத்தன்மை மிகும்போது இரும்பு செடிக்குக் கிட்டுவதில்லை. ஸ்ட்ராபெரி விரும்புவது சற்றே அமிலத்தன்மை கொண்ட மண். ஆகவே, அடுப்புச் சாம்பலை இடுவது இதற்கு ஏற்றதன்று; அது காரத்தை மேலும் கூட்டும். இலைமக்கு இடுதல் நலம்.

இலை ஓரங்கள் கருகி, மண்ணின்மீது வெண்மையாகப் பூத்திருப்பின், உப்புப் படிந்துவிட்டதென அறிக. உரத்தை நிறுத்தி, தொட்டியின் அடித்துளை வழியே வடிந்தோடும்வரை நல்ல நீரூற்றுக. கடின நீர் பாயும் ஊர்களில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை இவ்வாறு செய்வது நன்று.

பூக்கும் காலத்தில் தொட்டியைத் தேனீக்கள் வந்துபோகும் இடத்தில் வைத்தல் வேண்டும். மகரந்தம் சரிவரச் சேராவிடில் பழம் கோணலாகிவிடும். அதற்கு எவ்வுரமும் மருந்தாகாது. செடி கேட்பதற்கு மேல் கொடாதிருப்பதும் வளர்ப்பவரின் கடமைகளுள் ஒன்றே.