வர்ணப் பெட்டியில் எத்தனை வர்ணம்?

சித்திரம் எழுதப் பழக வேண்டுமென்று ஆசை கொண்ட பையன் முதன்முதலில் செய்கிற காரியம் கடைக்குப் போவதுதான். அங்கே 12 வர்ணப் பெட்டி, 24 வர்ணப் பெட்டி, 48 வர்ணப் பெட்டி என்று படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டி பெரிதானால் சித்திரமும் பெரிதாக அமையும் என்பது பையனுடைய எண்ணம். தகப்பனாரும் முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பெட்டி பரண்மேல் இருக்கிறது. "எனக்குக் கை வரவில்லை" என்கிறான் பையன். வீட்டாரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

கையின்மேல் பழி சுமத்துவது நியாயமன்று. கண்தான் இன்னும் பழகவில்லை. அதைப் பழகவொட்டாமல் தடுப்பது அந்தப் பெட்டியே என்பது என் அபிப்பிராயம்.

மரம் ஒன்றை எழுத வேண்டும் என்றால் பையன் என்ன செய்கிறான்? 'பச்சை' என்று எழுதியிருக்கும் குழலைப் பிதுக்கி அப்படியே பூசிவிடுகிறான். மரத்தை அவன் பார்க்கவே இல்லை. குழலின்மேல் ஒட்டிய சீட்டைத்தான் பார்த்தான். அந்தப் பச்சையோ எந்த மரத்திலும் காண முடியாத மூர்க்கமான பச்சை. வகுப்பில் நான் ஒரே மாமரத்தின் ஐந்து இலைகளை மேஜைமேல் பரப்பி, என்ன நிறம் என்று கேட்பது வழக்கம். "பச்சை" என்று ஏகமனதாகக் குரல் எழும். இன்னொரு முறை பாருங்கள் என்றால் மெல்ல மெல்ல விஷயம் வெளிவரும். தளிர் செம்பு நிறம். அதற்கு மூத்தது மஞ்சள் கலந்த பசுமை. முற்றிய இலை ஏறக்குறைய கருமை. அதன் பின்புறம் வெளிறிய சாம்பற் பச்சை. பழுப்பில் பச்சையே கிடையாது. இத்தனையையும் ஒரு குழலால் எப்படிச் சொல்வது?

நமது தேசத்தின் பெருஞ் சித்திரங்கள் எத்தனை வர்ணங்களைக் கொண்டு எழுதப்பட்டன என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். அஜந்தாக் குகைகளில் உள்ளவை செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குப் புகையின் கரி, வெள்ளை ஆகியவையே. பிற்காலத்துக் குகைகளில் லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லின் பொடியும் சேர்ந்துகொண்டது. மற்றவையெல்லாம் மண்ணிலும் அடுப்படியிலும் அகப்படுகிற சரக்குகள். புதுக்கோட்டைச் சீமையின் சித்தன்னவாசலில், சுமார் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைத் தடாகமும் இவ்வாறே சொற்ப வர்ணங்களால் ஆனது. தாமரை இலைகளும் மீன்களும் யானைகளும் பூப்பறிக்கும் மனிதரும் நெருங்கிக் கிடக்கும் அச்சித்திரத்தைக் கண்டவர் எவரும் வர்ணம் போதவில்லை என்று குறை சொன்னதாக நான் கேட்டதில்லை. சுண்ணாம்பின் காரம் பல வர்ணங்களைத் தின்றுவிடும். ஆகையால் சுண்ணச் சுவரில் எழுதுகிறவன் அதற்குத் தாக்குப்பிடிக்கும் சிலவற்றைக் கொண்டே காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது.

நம் காலத்துக்கு அருகிலும் உதாரணம் உண்டு. 1938-ம் ஆண்டில் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, மகாத்மா காந்தியின் விருப்பத்துக்கிணங்க நந்தலால் போஸ் பந்தல்களை அலங்கரித்தார். உழவரும் வாத்தியக்காரரும் தொழிலாளரும் வேலைசெய்யும் பெண்களுமாகப் பல சித்திரங்களைக் கையால் செய்த காகிதத்தில் மண் வர்ணங்களைக் கொண்டு எழுதினார். வழியே நடந்து போகும் கிராமவாசிகள் நின்று பார்க்க வேண்டியவை அவை. ஜாமினி ராயோ கல்கத்தாக் கலாசாலையில் ஐரோப்பிய முறையைக் கற்றுத் தேர்ந்து, எண்ணெய் வர்ணத்தில் பேரும் பெற்ற பிறகு அதைக் கைவிட்டார். ஏழே வர்ணங்களைத் தமக்கென வைத்துக்கொண்டார். கற்பொடி, வண்டல் மண், அவுரி நீலம், சுண்ணக்கட்டி, புளியங்கொட்டைப் பசை முதலியன அவருடைய சரக்குகள்.

பழகத் தொடங்குகிறவன் முதல் மாதம் செங்காவி, மஞ்சட்காவி, கறுப்பு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வெண்மைக்குக் காகிதம் இருக்கிறது. மஞ்சட்காவியோடு துளி கறுப்பைச் சேர்த்தால் பாசி நிறம் பிறப்பதைக் கண்டு அவன் ஆச்சரியப்படுவான். அதைவிட ஆச்சரியம், நீர் விட்டு இளக்கிய கறுப்பைச் செங்காவியின் பக்கத்தில் பூசினால் அது நீலம்போலத் தோன்றுவது! பெட்டியில் நீலமே இல்லை. காகிதத்தில் நீலம் தெரிகிறது.

இது மாயமன்று. பாரிஸ் நகரத்தில் கோப்லான் திரைச்சீலை நெசவுச்சாலையில் சாயத்துறைத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற ரசாயன சாஸ்திரி இதை ஆராய்ந்து, 1839-ல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். அங்கே தோய்த்த கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்ததாம். சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும் அந்தக் கறுப்பைக் கெடுத்துவிட்டன. ஒரு நிறம் என்னவென்பதை அதன் அண்டை நிறமே பாதி தீர்மானிக்கிறது.

நம் வீட்டு ஸ்திரீகளுக்கு இந்தச் சாஸ்திரம் நன்றாய்த் தெரியும். காஞ்சிபுரம் பட்டு எடுக்கும்போது மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரைதான் எடுப்பு என்று அவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடினால்தான் மயில்கழுத்து நிறம் மின்னும் என்பதையும் அறிவார்கள். மாந்தளிர், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு என்று அவர்கள் நாவில் புழங்கும் பெயர்கள் எந்த வர்ணப் பெட்டியிலும் இல்லை. சித்திரம் பழகும் பையனைத் தாயாரோடு ஜவுளிக்கடைக்கு அனுப்புவது வீண் பொழுதாகாது.

முதல் மாதம் கழிந்த பின் மற்ற வர்ணங்கள் வரலாம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலிருந்து எல்லா நிறமும் பிறக்கும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் அது பாதி உண்மை. ஒவ்வொரு வர்ணமும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. அல்ட்ராமரின் நீலம் ஊதாவின் பக்கம் சாயும். பிரஷ்யன் நீலம் பச்சையின் பக்கம். வெர்மிலியன் என்னும் சாதிலிங்கச் சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. கிரிம்ஸன் சிவப்பில் நீலம் ஒளிந்திருக்கிறது. ஊதா வேண்டி அல்ட்ராமரினோடு வெர்மிலியனைக் கலந்தவனுக்குச் சேற்று நிறமே மிஞ்சும். ஒளிந்திருந்த மஞ்சள் செய்த வேலை அது. கிரிம்ஸனைக் கலந்திருந்தால் ஊதா கிடைத்திருக்கும். அவ்வாறே எலுமிச்சை மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் துலக்கமான பச்சை தரும். ஆழ்ந்த மஞ்சளும் அல்ட்ராமரினும் அடங்கிய பச்சை தரும். நம் ஊர்ப் புளியமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் பெரும்பாலும் பின்னதே பொருந்துகிறது. ஆகவே மூன்றும் இரண்டிரண்டாக, ஆறு குழல்கள். காவிகளும் கூடவே இருக்கட்டும்.

நிழலுக்குக் கறுப்பைப் பூசும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அல்ட்ராமரினோடு சுட்ட காவி நிறத்தைக் கலந்தால், குளிர்ந்த சாம்பல் முதல் கறுப்பை ஒத்த இருள் வரை வேண்டியபடி வரும். அதில் உயிரும் இருக்கும். நீர்வர்ணம் உலர்ந்ததும் ஒரு படி வெளுத்துவிடுமாகையால், துண்டுக் காகிதத்தில் தீற்றி, உலரவிட்டுப் பார்த்த பிறகே சித்திரத்தில் கைவைப்பது நலம். இவ்வளவு பொறுமை பையன்களிடம் அபூர்வம் என்பதை நான் அறிவேன்.

பெரிய பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. சொன்ன குழல்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு மூடியை மூடிவிடலாம். வேலியில் பூத்திருக்கும் காகிதப்பூவை ஒருநாள் எழுத நேரும். கிரிம்ஸனையும் நீலத்தையும் எத்தனை விதமாய்க் கலந்தாலும் அந்தப் பூவின் பளிச்சென்ற ஊதாச் சிவப்பு வராது. அப்பொழுது பெட்டியைத் திறந்து, அந்த ஒரு குழலை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் மூடிவிடலாம்.